கார் சேஸ் சீன் எடுக்கப் போறீங்களா? ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கற கேப்பை முதல்ல எழுதுங்க

ஷார்ட் ஃபிலிம் எடுக்கற பசங்க நெறைய பேருக்கு ஒரு கார் சேஸ் வச்சே ஆகணும்னு ஆசை இருக்கு, வைக்கவும் செய்யறாங்க, ஆனா முதல் அரை நிமிஷம் தாண்டினதும் பாக்கறவன் கை தானா மொபைல எடுத்துடுது. வண்டி வேகமாதான் போகுது, டயர் கிறீச்சுன்னு கத்துது, பிஜிஎம் காதைக் கிழிக்குது, ட்ரோன் ஷாட்டு கூட இருக்கு. அப்பறம் ஏன் ஒட்டல? முன்னாடி போறவன் மாட்டுவானா தப்பிப்பானாங்கற ஒரே கேள்விக்கு எந்த ஷாட்டும் எந்த பதிலும் சொல்லல, அதான்.

சேஸ் சீன்ல கதைங்கறது ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கற தூரம். அந்த கேப் குறையுது, கூடுது, கொஞ்ச நேரம் எவ்ளோன்னே தெரியாமப் போகுது, திடீர்னு பம்பர ஒட்டி வந்து நிக்குது, இதத்தான் ஜனங்க பாக்கறாங்க. ஸ்பீடாமீட்டர்ல 140 காட்டினாலும் கேப் அப்படியே இருந்தா ரெண்டு வண்டி ஒரே ரோட்டுல போகுது, அவ்ளோதான். அதே 30 கிலோமீட்டர் வேகத்துல போனாலும் கேப் மாறிக்கிட்டே இருந்தா சீட்டு நுனிக்கு வந்துடுவாங்க. அதனால கேமராவ தொடறதுக்கு முன்னாடி பேப்பர் எடுங்க, ஒவ்வொரு கட்டமா எழுதி பக்கத்துலயே "கேப் இப்ப எவ்ளோ, ஏன் மாறுச்சு"ன்னு எழுதுங்க. அந்த "ஏன்" எழுத வரலன்னா அந்தக் கட்டம் வேஸ்ட்டு, தூக்கிடலாம்.

அதுக்கும் முன்னாடி யோசிக்க வேண்டியது, வண்டிக்குள்ள என்ன இருக்குங்கறது. 'கைதி' (2019) படத்துல ஓடறது ஒரு லாரி, அது பெருசா வேகமெல்லாம் போகாது, ஆனா பின்னாடி மயங்கிக் கெடக்கற போலீஸ்காரங்க இருக்காங்க, அவங்கள ஆஸ்பத்திரி கொண்டு போய் சேக்கணும். அந்த பாரம்தான் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு அர்த்தத்தைக் குடுக்குது. சும்மா ஹீரோ மட்டும் தனியா ஓட்டினா அவன் எப்படியும் பொழச்சுப்பான்னு நமக்கே தெரியும், வண்டியில கூட ஒருத்தர உக்கார வச்சுட்டீங்கன்னா அந்த தெம்பு போயிடும்.

வண்டியோட பலவீனமும் அதே அளவு முக்கியம். ஸ்பீல்பெர்க் டிவிக்காக எடுத்த 'டூயல்' (1971) பாருங்க, ஒரு சாதாரண பிளைமவுத் வேலியன்ட் கார், பின்னாடி ஒரு பழைய டேங்கர் லாரி, லாரி டிரைவர் மூஞ்சி கடைசி வரைக்கும் தெரியாது. ஆரம்பத்துலயே பெட்ரோல் பங்க்குல ஒருத்தன் சொல்லிடறான், ரேடியேட்டர் ஹோஸ் மாத்தணும் சார்னு, இவரு வேணாம்னுட்டு கெளம்பிடறாரு. ரொம்ப நேரம் கழிச்சு மலை ஏத்தத்துல அந்த ஹோஸ் புட்டுக்குது, கார் திணற ஆரம்பிக்குது, பின்னாடி லாரி ஏறி வந்துட்டே இருக்கு. வேகம் குறையக் குறைய பயம் ஏறுது பாருங்க. அந்த பங்க்குல பேசின ரெண்டு வார்த்தை இல்லாம இருந்திருந்தா இது எதேச்சையா வந்த ரிப்பேர், அது இருந்ததால இது விதைச்சு வச்சது. உங்க ஸ்கிரிப்ட்லயும் வண்டியோட குறைய சேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யாராவது வாயால சொல்ல வைங்க, ஒரு மெக்கானிக்கோ, பொண்டாட்டியோ, யாரோ.

அடுத்தது ரெண்டு வண்டியும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. ஒண்ணால முடியறது இன்னொண்ணால முடியக்கூடாது. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய உதாரணம் 'தி ஃப்ரெஞ்ச் கனெக்ஷன்' (1971), வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கினது. அதுல துரத்தப்படறவன் கார்லயே இல்ல. நியூயார்க் புரூக்ளின்ல ரோட்டுக்கு மேல தூண் நட்டு ஓடற ரயிலுக்குள்ள துப்பாக்கியோட இருக்கான், கீழ அதே தூண்களுக்கு நடுவுல ஜீன் ஹேக்மேன் யார்கிட்டயோ புடுங்கின ஒரு பான்டியாக் கார்ல துரத்தறாரு. ரயிலுக்கு ரோட்டு சிக்னல் இல்ல, டிராஃபிக் இல்ல, குறுக்க யாரும் வர மாட்டாங்க, ஆனா தண்டவாளத்த விட்டு இறங்கவும் முடியாது. காருக்கு எங்க வேணா திரும்பலாம், ஆனா எல்லாமே குறுக்க வருது. அதுக்கு மேல, இவரு மேலயும் பாக்கணும், ரோட்டையும் பாக்கணும், இருக்கறது ரெண்டே கண்ணு. அண்ணாந்து பாக்கற ஒவ்வொரு தடவையும் கீழ என்ன வந்து நிக்கப் போகுதோன்னு நமக்கு அடிவயிறு கலங்குது, ஒரு அம்மா குழந்தை வண்டிய தள்ளிட்டு ரோட்டுக்குள்ள வர்ற எடத்துல அந்த பயம் அப்படியே உருவமா வந்து நிக்குது. ஸ்டண்டு எல்லாம் அப்பறம்தான், அந்த சீன் பாதி ஜெயிச்சது பேப்பர்ல, "ஒருத்தன் மேல ஒருத்தன் கீழ"ன்னு முடிவு பண்ணப்பவே.

சரி, இப்ப 'புல்லிட்' (1968). சான் ஃபிரான்சிஸ்கோ, பீட்டர் யேட்ஸ் டைரக்ஷன், ஸ்டீவ் மெக்வீன் ஓட்டற பச்சை மஸ்டாங், கொலைகாரங்க ரெண்டு பேரு கறுப்பு டாட்ஜ் சார்ஜர்ல. பதினோரு நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மியா ஓடற சீன். இத நீங்க சவுண்டோட ஒரு தடவை, சவுண்டு இல்லாம ஒரு தடவை, நோட்டு வச்சுக்கிட்டு ஒரு தடவை பாக்கணும், எடிட்டிங்குக்காக ஃபிராங்க் கெல்லர் ஆஸ்கர் வாங்கின படம் இது. இதுல என்னன்னா, ஆரம்பத்துல யாருமே வேகமா போகல. சார்ஜர் மெதுவா பின்தொடருது, லாலோ ஷிஃப்ரினோட மியூசிக் அடியில ஓடிட்டே இருக்கு. ஒரு மேட்டுல மஸ்டாங் காணாமப் போயிடுது, சார்ஜர்ல இருக்கறவன் இடதும் வலதும் தேடறான். அப்பறம் அவனோட ரியர் வியூ மிரர்ல, பின்னாடி, அந்த மஸ்டாங் மேட்டுல இருந்து மெதுவா எழும்பி வருது. துரத்தினவன் இப்ப துரத்தப்படறவன். ஒரு வசனம் இல்ல, கண்ணாடிக்குள்ள ஒரு கார், அவ்ளோதான். அடுத்து சார்ஜர் டிரைவர் சீட் பெல்ட்ட எடுத்து மாட்டறான், கிளிக். டயர் கத்துது, சார்ஜர் பாயுது, மியூசிக் அந்த எடத்துலயே நின்னு போகுது, அதுக்கப்பறம் மீதி சேஸ் முழுக்க இன்ஜின், டயர், கியர் சத்தம் மட்டும்தான்.

அந்த சீட் பெல்ட் ஷாட்ட நான் ரொம்ப மதிக்கறேன். வரப் போறது எவ்ளோ மோசமா இருக்கும்னு நமக்கு சொல்றது அந்த ஒரு செகண்டு ஷாட்தான். கெட்டவனே பெல்ட் போடறான்னா அவன் என்ன பண்ணப் போறான்னு நம்ம மனசே கணக்கு போட்டுக்குது. இந்த மாதிரி ஒரு "இனிமே சீரியஸு" ஷாட் உங்க சேஸ்லயும் வேணும், பெல்ட்டாவே இருக்கணும்னு அவசியமில்ல, கண்ணாடிய மேல ஏத்தறது, செருப்ப கழட்டி ஓரமா தள்ளிட்டு வெறும் கால்ல ஆக்ஸிலேட்டர மிதிக்கறது, பின் சீட்டுல தூங்கற புள்ளைய எழுப்பி கீழ உக்கார சொல்றது, எதுவா வேணா இருக்கலாம், சின்னதா, கையால பண்றதா இருந்தா போதும்.

இதே புல்லிட்ல தப்பும் இருக்கு, தெரிஞ்சுக்கறது நல்லது. ஒரே பச்சை வோக்ஸ்வேகன் பீட்டில்ல திரும்பத் திரும்ப ஓவர்டேக் பண்ணுவாங்க, ஏன்னா ஒரே சம்பவத்த பல கேமரா ஆங்கிள்ல எடுத்தத வேற வேற சம்பவம் மாதிரி வெட்டி ஒட்டிருக்காங்க. சார்ஜருக்கு நாலு வீலுதான், ஆனா கழண்டு ஓடற வீல் கப்பு நாலுக்கு மேல. அந்த ஊர்க்காரங்களுக்கு இந்த தெருவுல திரும்பினா அந்த தெரு வராதுங்கறதும் தெரியும். ஆனாலும் சீன் நிக்குது, ஏன்னா ஊரோட மேப் தப்பா இருந்தாலும் ரெண்டு காருக்கும் நடுவுல இருக்கற மேப் தப்பல, யாரு முன்னாடி யாரு பின்னாடி எவ்ளோ தூரம்ங்கறது ஒரு நொடி கூட குழம்பல. உங்ககிட்ட இருக்கறது ஒரு நாள் ஷூட்டும் ரெண்டு தெருவும்தான்னா இது பெரிய ஆறுதல், ஒரே தெருவ நாலு தெருவா காட்டலாம், கேப் மட்டும் தெளிவா இருக்கணும்.

பேப்பர் வேலை எப்படி இருக்கணும்னு ஒரு கற்பனை சேஸ் போட்டுக் காட்டறேன். எடம் கும்பகோணம் பக்கம். ஒரு பழைய மாருதி 800, ஓட்டறவன் செல்வம், பின் சீட்டுல அவன் தாத்தா, பக்கத்துல தங்கச்சி. தாத்தா டோக்கன் நேரத்துக்குள்ள பத்திரப்பதிவு ஆபீஸ் போய் கையெழுத்து போடணும். பங்காளி வீட்டு ஆளுங்க ஒரு ஸ்கார்பியோல, அவங்களுக்கு அடிக்கறதெல்லாம் நோக்கம் இல்ல, அந்த நேரம் தாண்டற வரைக்கும் இவங்கள நிறுத்தி வச்சாலே போதும்.

முதல் கட்டம், 800 டீக்கடைய தாண்டுது, கடை வாசல்ல நிக்கற ஸ்கார்பியோ நமக்குத் தெரியுது, செல்வத்துக்குத் தெரியல. கேப் பெருசு, ஆனா தெரிஞ்சவன் நாம மட்டும்தான். அப்பறம் தாத்தா திரும்பிப் பாத்துட்டு "டேய் அது நம்ம குமாரு வண்டி மாதிரி இல்ல?"ங்கறாரு. நேர் ரோடு, 800 முக்கி முக்கி போகுது, ஸ்கார்பியோ சாவகாசமா வந்து ஒட்டுது. கேப் பூஜ்யம். இங்க ரோட்டுல உளுந்துச் செடி பரப்பி வச்சிருக்காங்க, வண்டி ஏறி ஏறி மணி உதிரட்டும்னு டெல்டா பக்கம் பண்றதுதானே, செல்வத்துக்கு அது வழுக்கும்னு தெரியும், முன்கூட்டியே வேகத்த கொறச்சு ஓரமா ஏறிடறான், பின்னாடி வந்தவன் அது மேல பிரேக்க அழுத்திடறான், வண்டி இழுத்துட்டு போய் வரப்புல நிக்குது. கேப் கூடுது, காரணம் ஊர் அனுபவம்.

அடுத்தது ரயில்வே கேட். மூடிருக்கு. எல்லா சேஸ்லயும் கேட் மூடறதுக்குள்ள பூந்து போவாங்க, இங்க வேணாம், ரெண்டு வண்டியும் நிக்கட்டும். 800 கேட்டுக்கு முன்னாடி, ஸ்கார்பியோ நாலு வண்டிக்குப் பின்னாடி. ஒருத்தன் இறங்கி நடந்து வர்றான். இப்ப கேப்ப அளக்கறது அவன் காலடியால. செல்வம் சைடு மிரர்ல அவன் பெருசாகிட்டே வர்றத பாக்கறான், தங்கச்சி கதவ லாக் பண்றா, பழைய வண்டி, ஒரு பக்கம் லாக் விழ மாட்டேங்குது, ரயில் முடிவே இல்லாம போயிட்டே இருக்கு. அவன் கை கதவுல படற நேரத்துல கேட் தூக்கறாங்க, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்க அவன் திரும்பி தன் வண்டிக்கு ஓடறான். எல்லா வண்டியும் நிக்கற எடம் இது, ஆனா மொத்த சேஸ்லயே இதுலதான் மூச்சு நிக்கும்.

அதுக்கப்பறம் செல்வம் வாய்க்கால் கரையில எறக்கறான், 800 போகும், ஸ்கார்பியோ போகாது, அது மெயின் ரோட்டுல சுத்திட்டு வரணும். இப்ப பின்னாடி யாரும் இல்ல. கேப் எவ்ளோன்னே தெரியாது, இது இன்னும் மோசம், கரை முடியற எடத்துல அவன் முன்னாடியே வந்து நிப்பானோ? கடைசியா ஒரு மதகு, ஒரு வண்டி மட்டும் போற அகலம், எதிர்ப்பக்கம் பதிவு ஆபீஸ் தெரியுது, பின்னாடி வளைவுல ஸ்கார்பியோ சத்தம். செல்வம் மதகுக்கு நடுவுல 800ஐ குறுக்க திருப்பி நிறுத்திட்டு சாவிய வாய்க்கால்ல வீசறான், தங்கச்சி தாத்தாவ கைத்தாங்கலா கூட்டிட்டு நடக்கறா. துரத்தறவனுக்கும் கையெழுத்துக்கும் நடுவுல இருந்த தூரத்த செல்வம் தன் வண்டிய வச்சு பூட்டிட்டான். இதுல எங்கயும் 40க்கு மேல வேகம் வேணாம், ஒரு கண்ணாடி கூட உடைய வேணாம்.

இப்ப கேமரா. முதல்ல திசை. 800 ஃப்ரேம்ல வலமிருந்து இடமா போகுதுன்னு ஆரம்பிச்சா துரத்தற வண்டியும் வலமிருந்து இடமாதான் போகணும், ஒரு ஷாட்ல மாறிட்டா ரெண்டும் மோதிக்கப் போற மாதிரி இருக்கும், பாக்கறவனுக்கு ஏன் குழம்புதுன்னு கூட தெரியாது, விட்டுடுவான். திசைய மாத்தியே ஆகணும்னா நடுவுல நேரா கேமராவ நோக்கி வர்ற ஷாட்டோ நேர் பின்னாடி இருந்து எடுத்த ஷாட்டோ வைங்க, இல்ல வண்டி திரும்பறதயே ஒரே ஷாட்ல காட்டிடுங்க. இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, நெறைய பேரு கவனிக்கறதில்ல. நம்ம வண்டியில ஸ்டியரிங் வலது பக்கம். இடது சீட்டுல உக்காந்து டிரைவர எடுத்தீங்கன்னா அவன் ஃப்ரேம்ல இடது பக்கம் பாத்துதான் இருப்பான், அதாவது வண்டி வலமிருந்து இடமா போகும். அமெரிக்க வண்டியில ஸ்டியரிங் இடது பக்கம், அங்க இதே ஷாட்டு இடமிருந்து வலமா வரும். அவங்க படத்த பாத்து வெளி ஷாட் எல்லாத்தையும் இடமிருந்து வலமா எடுத்துட்டு, உள்ள இருந்து நம்ம டிரைவர இடது சீட்டுல இருந்து எடுத்தா ரெண்டும் ஒட்டாது. அதனால வெளி ஷாட்ட வலமிருந்து இடமா பிளான் பண்ணுங்க, உள் ஷாட் தானா ஒட்டிக்கும்.

வேகம் தெரியறதுக்கு வேகமா போக வேண்டியதில்ல. ஆறு வழி பைபாஸ்ல 100ல போனாலும் நடக்கற மாதிரிதான் இருக்கும், பக்கத்துல உரசிட்டுப் போக எதுவும் இல்லல்ல. புளியமரம் வரிசையா நிக்கற குறுகலான ரோட்டுல 40 போதும். கேமராவ கீழ எறக்குங்க, பம்பர் உயரத்துக்கு, தரைய ஒட்டி, வைடு லென்ஸ்ல, ரோடு அப்படியே கேமராவுக்குள்ள பாய்ஞ்சு வரும். ஃப்ரெஞ்ச் கனெக்ஷன்லயும் முன் பம்பர்ல கேமராவ கட்டி எடுத்த ஷாட்ஸ்தான் அந்த சீனோட முதுகெலும்பு. தூரத்துல இருக்கறத கிட்ட இழுத்துக் காட்டற டெலி லென்ஸ் வேற வேலைக்கு, அது ரெண்டு வண்டியையும் நெருக்கி காட்டும், 50 அடி கேப்ப 10 அடி மாதிரி காட்டும், அதனால பாதுகாப்பா தள்ளித் தள்ளி ஓட்டிட்டே முட்டற மாதிரி எடுக்கலாம். ஆனா கேப் கூடுதுன்னு சொல்ல வேண்டிய எடத்துல டெலி போட்டுடாதீங்க, நீங்க எழுதினதுக்கு லென்ஸே எதிரா சாட்சி சொல்லிடும்.

ஃப்ரேம் ரேட்ட கொறச்சு எடுக்கற பழைய வித்தை இன்னும் வேலை செய்யுது. செகண்டுக்கு 20 ஃப்ரேம்ல எடுத்து 24ல ஓட்டினா 40ல போற வண்டி 48 மாதிரி தெரியும், 18ல எடுத்தா 53 மாதிரி. அதுக்கும் கீழ போகாதீங்க. முக்கியமா அந்த ஷாட்ல நடந்து போறவங்க, சைக்கிள், பறக்கற சேலை எதுவும் இருக்கக்கூடாது, அதெல்லாம் படபடன்னு ஆடி காட்டிக் குடுத்துடும். மொபைல்ல எடுக்கறவங்க ஷட்டர் ஸ்பீட ஆட்டோல விட்டுடறாங்க, வெயில்ல அது ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்கு போயிடும், ஒவ்வொரு ஃப்ரேமும் வெட்டி வெட்டி ஷார்ப்பா இருக்கும், வேகம் போயிடும். 24 ஃப்ரேமுக்கு ஐம்பதுல ஒரு பங்கு வைங்க, மரமெல்லாம் இழுத்த மாதிரி மங்கலா போகும், அந்த மங்கல்தான் வேகம். வெளிச்சம் ஜாஸ்தியாகும், லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்த கொறைக்கற ஒரு என்டி ஃபில்டர் வாங்கிக்குங்க, பெரிய செலவில்ல.

நடிகர் மூஞ்சிக்கு வருவோம். 'ரோனின்' (1998) படத்துல ஜான் ஃபிராங்கன்ஹைமர் பண்ணது இதுதான்: பாரிஸ் சேஸ்ல வலது ஸ்டியரிங் வச்ச வண்டிங்கள கொண்டு வந்து, இடது பக்கம் டம்மி ஸ்டியரிங் மாட்டி அங்க நடிகர உக்கார வச்சு, நெஜமான ஸ்டண்ட் டிரைவர் வலது பக்கத்துல இருந்து ஓட்டினாரு. ராபர்ட் டி நீரோ மூஞ்சில தெரியற பயம் பாதி நெஜம், வண்டி நெஜமாவே அந்த வேகத்துல போகுது, ஸ்டியரிங் அவர் கையில இல்ல. நம்மால அது முடியாது, தேவையும் இல்ல. மூஞ்சி ஷாட்ட நிக்கற வண்டியிலயே எடுக்கலாம், ராத்திரின்னா இன்னும் சுலபம், ரெண்டு பேரு பம்பர லேசா ஆட்டணும், ஒருத்தர் லைட்ட முன்னாடி இருந்து பின்னாடி கண்ணாடி மேல வீசிட்டே இருக்கணும். நடிகர்கிட்ட "பயப்படு"ன்னு சொல்லாதீங்க, வேலை குடுங்க. எத பாக்கறான்? மிரர், ரோடு, சைடு மிரர், பெட்ரோல் முள்ளு, இந்த வரிசைய அவனுக்கு சொல்லிக் குடுங்க, ஒவ்வொரு பார்வைக்கும் அவன் பாத்தத அடுத்த ஷாட்ல காட்டுங்க. ஓட்டறவன் ஒரு முடிவு எடுக்கறான், அப்பறம் வண்டி திரும்புது, இந்த வரிசையில வரணும். வண்டி திரும்பினதுக்கப்பறம் மூஞ்சிய காட்டினா அவன் சும்மா உக்காந்து வந்த பயணி ஆயிடுவான்.

ரோட்டு விஷயம் சீரியஸா சொல்றேன். ஃப்ரெஞ்ச் கனெக்ஷன்ல பல ஷாட்ட மறிக்காத ரோட்டுல, நெஜ டிராஃபிக்குக்கு நடுவுல எடுத்தாங்க, உயிரோட விளையாடின வேலை அது, இனிமே அப்படி செய்ய மாட்டேன்னு ஃப்ரீட்கினே பின்னாடி பேட்டிகள்ல சொல்லிருக்காரு. அத யாரும் தைரியம்னு எடுத்துக்காதீங்க. போலீஸ் பர்மிஷன் எழுத்துல வாங்குங்க, ரெண்டு முனையிலயும் ஆள் நிறுத்தி ரோட்ட மறிங்க, வாக்கி டாக்கி வச்சுக்குங்க, லே-அவுட் போட்டு வீடு வராம கெடக்கற பிளாட் ரோடு கெடைச்சா அதுதான் சொர்க்கம், அதுக்கும் ஓனர்கிட்ட கேளுங்க. ஓட்டறவன் கேமராவ தொடக்கூடாது, நடிக்கக்கூடாது, ஓட்டணும் அவ்ளோதான். மேல சொன்ன லென்ஸு, ஃப்ரேம் ரேட்டு எல்லாமே 40க்கு மேல போகாம இருக்கறதுக்குத்தான்.

சவுண்டு பத்தி தனியாவே எழுதலாம். 1976ல ஃப்ரெஞ்சு டைரக்டர் கிளோட் லெலூஷ் விடியக்காலை பாரிஸ்ல எட்டு நிமிஷத்துக்கு ஒரே ஷாட்ல ஒரு குறும்படம் எடுத்தாரு, கேமரா மாட்டி ஓட்டினது ஒரு மெர்சிடிஸ், ஆனா நமக்குக் கேக்கறது ஃபெராரி இன்ஜின், பின்னாடி சேத்தது. பாத்தவங்க அது ஃபெராரின்னே நம்பினாங்க, அந்த வேகத்துல பாதி காதுலதான் ஓடுது. அதனால ஷூட் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் ஒதுக்கி வண்டி சத்தத்த மட்டும் தனியா ரெக்கார்ட் பண்ணுங்க: உள்ள கண்ணாடி ஏத்திட்டு, எறக்கிட்டு, வெளிய ரோட்டோரமா நின்னு கடந்து போறப்ப, செகண்ட் கியர்ல இழுத்துட்டு, ஜல்லி மேல, பாலத்து மேல. ரெண்டு வண்டிக்கும் வேற வேற குரல் இருக்கணும், கண்ண மூடினா கூட எது யாருன்னு தெரியணும், 800 கீச்சுன்னு கத்தும், ஸ்கார்பியோ டீசல் உறுமும், இது நமக்கு ஓசியா கெடைச்ச வரம். பிஜிஎம் கம்போஸர்கிட்ட போட சொல்றதுக்கு முன்னாடி மியூசிக் இல்லாம சீன் நிக்குதான்னு பாருங்க, நிக்கலன்னா மியூசிக் காப்பாத்தாது.

சத்தமே இல்லாம பண்றதும் சேஸ்தான். 'டிரைவ்' (2011) ஆரம்ப சீன்ல ரயன் காஸ்லிங் பெரும்பாலான நேரம் மெதுவாதான் ஓட்டறாரு, லைட்ட அணைச்சுட்டு ஓரமா நிக்கறாரு, ஹெலிகாப்டர் வந்தா பாலத்துக்கு அடியில பதுங்கறாரு, கார்ல ஒரு பக்கம் போலீஸ் வயர்லெஸ் ஓடுது, இன்னொரு பக்கம் ரேடியோல பாஸ்கெட்பால் கமென்ட்ரி. அந்த மேட்ச் எதுக்குன்னு கடைசில புரியும், மேட்ச் முடிஞ்சு கூட்டம் வெளிய வர்ற நேரத்துக்கு சரியா அந்த ஸ்டேடிய பார்க்கிங்குக்குள்ள வண்டிய விட்டுட்டு கூட்டத்தோட கூட்டமா நடந்து போயிடறாரு. கேப் அங்க காதால அளக்கப்படுது, வயர்லெஸ்ல போலீஸ் சொல்ற தெருப் பேரு கிட்ட வருதா தூரம் போகுதான்னு. பட்ஜெட் கம்மியா இருக்கறவங்க இத பத்து தடவை பாருங்க.

எடிட்டுல ஒரு வழி சொல்றேன், 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) கிட்ட இருந்து. கிட்டத்தட்ட 480 மணி நேர ஃபுட்டேஜ்ல இருந்து மார்கரெட் சிக்ஸல் வெட்டினாங்க, சுமார் 2700 ஷாட்டு, ஆஸ்கரும் வாங்கினாங்க. அவ்ளோ வேகமா கட் பண்ணியும் கண்ணு வலிக்கல, ஏன்னா முக்கியமானது எதுவோ அத ஃப்ரேமுக்கு நடுவுலயே வைக்கணும்னு ஜார்ஜ் மில்லர் ஷூட்டிங்லயே கறாரா சொல்லி எடுத்தாரு. கட் ஆனதும் கண்ணு புதுசா தேட வேண்டியதில்ல, அதே எடத்துலயே அடுத்தது இருக்கும். ஒரு ஷாட்ல வண்டி இடது மூலை, அடுத்ததுல வலது மூலை, ரெண்டும் முக்கால் செகண்டுன்னா பாக்கறவன் தேடி முடிக்கறதுக்குள்ள ஷாட் போயிடும். அப்பறம் குளோசப்பா அடுக்கிட்டே போகாம நாலஞ்சு கட்டுக்கு ஒரு தடவை ரெண்டு வண்டியும் ஒரே ஃப்ரேம்ல தெரியற வைடு ஷாட் வைங்க, அத நல்லா மூணு செகண்டு விடுங்க. அந்த ஷாட்டுதான் கேப்போட நெலவரத்த சொல்லும்.

அடிபட்டது அடிபட்டதாவே இருக்கணும். கண்ணாடில விரிசல் விழுந்தா அடுத்த ஷாட்ல இருந்து கடைசி வரைக்கும் இருக்கணும், அதனால முடிஞ்ச வரைக்கும் கதை வரிசையிலயே எடுங்க, முடியலன்னா டேமேஜ் எல்லாத்தையும் போட்டோ எடுத்து நேரத்தோட எழுதி வைங்க.

முடிவு பத்தி ஒண்ணு. எங்கிருந்தோ ஒரு தண்ணி லாரி வந்து குறுக்க அடிச்சு சேஸ் முடியக்கூடாது. யாராவது ஒருத்தர் எடுத்த முடிவால முடியணும், அந்த முடிவுக்குத் தேவையான பொருள் நமக்கு ஏற்கனவே காட்டினதா இருக்கணும், மதகு மாதிரி, ரேடியோ மேட்ச் மாதிரி. முடிஞ்ச உடனே வெட்டிடாதீங்க, இன்ஜின் சூட்டுல டிக் டிக்னு சத்தம் வரும், ஓட்டினவன் ஸ்டியரிங்க விடாம புடிச்சிருப்பான், அஞ்சாறு செகண்டு அதுலயே இருங்க.

எடிட் முடிச்சதும் கதை தெரியாத ஒருத்தர உக்கார வச்சு சவுண்ட அணைச்சுட்டு ஓட்டுங்க. எங்கயாவது சட்டுனு பாஸ் பண்ணி கேளுங்க: யாரு முன்னாடி, எவ்ளோ தூரம், இப்ப கூடுதா குறையுதா? பதில் வர யோசிச்சாங்கன்னா அந்த நிமிஷ நேரத்த குறிச்சு வைங்க, அங்க ஒரு வைடு ஷாட்டோ ஒரு மிரர் ஷாட்டோ கொறையுது, போய் எடுத்துட்டு வாங்க. மிரர் ஷாட்டுக்கு வண்டி ஓட கூட வேணாம், நிக்கற வண்டியில கண்ணாடிய திருப்பி வச்சு பின்னாடி இன்னொரு வண்டிய மெதுவா வர சொன்னா அரை மணி நேர வேலை.